ஒளிமேசை

உள்ளே விளக்கும் மேலே பால்கண்ணாடியும் கொண்ட மேசை அல்லது பெட்டி ஒளிமேசை. அச்சகத்தார் இதை லைட் டேபிள் என்பார்கள். மருத்துவர் எக்ஸ்-ரே படத்தைச் செருகிப் பார்க்கும் சுவர்ப்பெட்டியும் இதே வகைதான். விளக்கொளியைக் கண்ணாடி சிதறடித்துச் சீராகப் பரப்புவதால், மேலே வைத்த தாளும் பிலிமும் ஊடுருவித் தெரிகின்றன.

கருவி புதிது, தேவை பழையது. 1400ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கையேட்டில், ஆட்டுக்குட்டித் தோலை மெலிதாகச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தடவி, படியெடுக்கும் தாள் செய்யும் முறை இருக்கிறது. சன்னல் கண்ணாடியில் தாளை வைத்து வரைந்தவர்களுக்கோ பொழுது சாய்ந்தால் வேலை நின்றுவிடும்.

1910களில் அமெரிக்கக் கார்ட்டூன் படக்கூடங்கள் பெருகின. ஒரு நொடிப் படத்துக்கே பல ஓவியங்கள் வேண்டும். ஒளிமேசையில் முந்தைய ஓவியம் அடியில் தெரிந்தால்தான் அடுத்த அசைவை அளந்து வரைய முடியும். தாள்கள் நகராதிருக்க கார்ட்டூன் பட ஓவியர் ராவுல் பாரே துளையும் முளையும் கொண்ட முறையைப் புகுத்தினார்.

ஒளிமேசையின் உச்சக்கட்டம் உளவுத்துறையில் நிகழ்ந்தது. 1962 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கியூபாவின் மேல் பறந்து 928 படங்கள் எடுத்தது. மறுநாள் வாஷிங்டனில், கார் விற்பனைக் கடைக்கு மேல்மாடியில், ஆய்வாளர்கள் அந்தப் பிலிமை ஒளிமேசையில் விரித்தார்கள். அடுத்தடுத்த இரு படங்களை இரட்டைக்கண் லென்சால் பார்த்தால் தரையின் மேடுபள்ளம் எழுந்து நிற்கும். கித்தான் போர்த்திய நீண்ட டிரெய்லர்கள் சிக்கின. நீளத்தை அளந்தபோது சோவியத் ஏவுகணைதான் என்று தெரிந்தது. 16ஆம் தேதி காலை அதிபர் கென்னடிக்குக் காட்டியவை காகிதப் பிரதிகள். ஆனால் நிழலுக்குள் நிழல் பிரித்துக் காட்டும் திறன் காகிதத்துக்குக் குறைவு. பிலிமில் தேடியதற்குக் காரணம் அதுவே.

அச்சகத்திலும் ஒளிமேசைக்கு வேலை இருந்தது. ஆப்செட் அச்சில் நான்கு வண்ணத்துக்கும் நான்கு பிலிம்கள். பார்வைக்கு எல்லாமே கறுப்பு. மூலைக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து ஒட்ட வேண்டியிருந்தது. மயிரிழை பிசகினாலும் காலண்டர் முருகனுக்கு உதடு இரண்டாகிவிடும். 1990களில் கணினியிலிருந்து நேரே தகட்டில் பதியும் முறை பரவத் தொடங்கி, இந்த வேலை படிப்படியாக ஒழிந்தது.

இன்று கையடக்கமான எல்.இ.டி. பலகைகள் கிடைக்கின்றன. படியெடுக்க எதுவும் போதும். வண்ணப் பிலிமை மதிப்பிட வாங்குவோர் 5000 கெல்வின் ஒளியைக் கேட்டு வாங்க வேண்டும், அச்சுத்துறையின் ஐ.எஸ்.ஓ. 3664 தரம் சொல்லும் ஒளி அதுதான்.