கருவியும் தளமும் இயைதல்: தமிழ்க் கணினி வரலாற்றில் ஒரு நோக்கு

கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த மருதமுனை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள கைத்தறிகளில் ஓர் உண்மை புலனாகும். நூலின் பருமனுக்கேற்ற நெருக்கமுடைய அச்சைப் பூட்டாவிடின், தறியும் நூலும் நல்லனவாயினும் துணி செவ்விதின் அமையாது. கருவியும் பொருளும் தம்முள் இயைதல் வேண்டும்.

இந்நியதி கணினிக்கும் உரியது. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த தறிப்பொறி துளையட்டைகளால் இயங்கிற்று. ஒரு பொறிக்கென வெட்டிய அட்டைகள், கொக்கிகளின் தொகை வேறுபட்ட பிறிதொரு பொறிக்கு உதவா. துளையட்டை பிற்காலத்தில் கணிப்பொறிக்குச் சென்றபோது இவ்விடர்ப்பாடும் உடன்சென்றது.

தமிழுக்கு நேர்ந்ததும் இதுவே. தொடக்கத்தில் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறிமுறை கொண்டிருந்தன. இலங்கையில் பெருவழக்குற்ற பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. ஆகலின், பாமினி இல்லாத கணினியில் அதே ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாயிற்று. இக்குறையை நீக்கத் திஸ்கி என்னும் பொதுக்குறிமுறை வகுக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரண்டை ஏற்றது. ஒருமை நாடிய முயற்சிகளே பன்மையைப் பெருக்கின.

உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவாகிய ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் உடனே பயன் விளையவில்லை. 'கொ' என்பதில் மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. சேமிப்பிலோ மெய் முதலாகவும் உயிர்க்குறி அடுத்ததாகவும் அமையும். அதனைப் பிரித்து நிறுத்தும் ஆற்றல் இயக்கத்தளத்திற்கு வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளங்களுள் அவ்வாற்றலை முதலிற் பெற்றது விண்டோஸ் 2000 ஆகும்.

பதிப்பு வேறுபாட்டின் விளைவை ஓரெழுத்தே காட்டும். 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்டது. அதற்குமுன் 'ஸ்ரீ' என்பது ஸகரங்கொண்டு அமைக்கப்பட்டது. பின்னர் ஶகரங்கொண்டு அமைப்பதே நெறியாயிற்று. கண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒருவகையில் எழுதிய பெயரை மறுவகையில் தேடுவோர்க்கு அது அகப்படாது போதலும் உண்டு. பழைய எழுத்துருவிலோ புதிய ஶகரம் வெறுங்கட்டமாகத் தோன்றும்.

இத்தகைய மாற்றங்களினூடே ஒருங்குறி ஓர் உறுதியைப் பேணுகின்றது: இடம்பெற்ற எழுத்து நீக்கப்படாது, இடம் மாற்றவும்படாது. இதனால் பழைய குறைகளும் நிலைத்துவிடுகின்றன என்பது மெய்யே. தமிழெழுத்தின் இயல்புக்கு மேலும் பொருந்துவதெனக் கருதப்பட்ட டேஸ் 16 என்பதைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றமைக்கும் இதுவே பின்னணி. ஆயினும், செம்மைக்காக இடங்களை மாற்றியிருப்பின் முன்னெழுதியவையெல்லாம் மீண்டும் பொருளிழந்திருக்கும். செம்மையினும் தொடர்ச்சியே ஆவணத்திற்கு உயிர்.

இலங்கையும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரத்தை ஒருங்குறிக்கு இயைய வகுத்தது. எனினும், தரம் வகுத்த அளவில் பழைய கோப்புகள் தாமே மாறிவிடுவதில்லை. பாமினியில் தட்டெழுதிய விழாமலர்களும் சங்கக் குறிப்புகளும் ஊர்வரலாறுகளும் ஒருங்குறிக்கு மாற்றப்படல் வேண்டும். மாற்றும் கருவிகள் கைக்கெட்டும் காலத்திலேயே அப்பணியை முடித்தல் கடன். தவறின், ஏடு செல்லரிக்காமலே எழுத்து அழிந்த தலைமுறையாக இது எண்ணப்படும்.