ஒரே பந்து, இரட்டைக் குவளை: பல்வங்கர் பாலுவின் கிரிக்கெட் வாழ்வு

விக்டோரியா காலக் கிரிக்கெட்டில் இந்தியர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் ரஞ்சித்சிங்ஜி. 1895இல் சசெக்ஸ் கவுண்டி அணிக்காக ஆடத் தொடங்கி, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் டெஸ்ட் அணியிலும் இடம்பெற்ற இளவரசர். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், புனேயில் வெள்ளையர் மன்றமொன்றின் ஆடுகளத்துக்கு உருளை இழுத்தும் வலை கட்டியும் மாதம் நான்கு ரூபாய் ஊதியம் பெற்றார் ஓர் இளைஞர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். 1876 மார்ச் 19 அன்று, இன்று கர்நாடகத்தில் உள்ள தார்வாடில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர். பல்வங்கர் என்பதிலுள்ள ‘கர்’ மராத்தியில் ஊர்ப்பெயரோடு சேரும் ஒட்டு. பல்வன் என்ற ஊரினர் என்பது அதன் பொருள்.

பாலுவின் வாழ்வைச் சாதியின் வரலாறாக மட்டுமே பலரும் வாசிக்கிறோம். அதனுடன் இங்கிலாந்துக் கவுண்டி கிரிக்கெட்டின் வர்க்க ஒழுங்கையும் சேர்த்து வாசித்தால்தான் அவர் எதிர்கொண்ட தடையின் முழு வடிவம் புலப்படும்.

அன்றைய கவுண்டி அணிகளில் இருவகை ஆட்டக்காரர்கள் இருந்தனர். ஊதியம் பெறாமல் ஆடியவர் ‘கனவான்’. ஊதியத்துக்கு ஆடியவர் வெறும் ‘ஆட்டக்காரர்’. உடை மாற்றும் அறைகள் வேறு. பல மைதானங்களில் களத்துக்குள் நுழையும் வாயிலும் வேறு. இப்பிரிவு பெயரெழுதும் முறைக்குள்ளும் புகுந்தது. ஸ்கோர் அட்டையில் கனவானின் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து வரும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது பெயரின் பின்னே தள்ளப்படும், அல்லது அறவே விடப்படும். ஒரு சமூகத்தின் படிநிலையை அறிய அதன் பெயரிடுமுறையைப் பார்த்தால் போதும் என்பதற்கு இது நல்ல சான்று. மட்டைவீச்சு பெரும்பாலும் கனவான்களின் கலையாகவும், பந்துவீச்சு கூலிக்காரரின் உழைப்பாகவும் கருதப்பட்டன. இந்தப் பாகுபாடு கப்பலேறி இந்திய மன்றங்களுக்கும் வந்தது. புனேயில் ஜே. ஜி. கிரெய்க் முதலிய ஆங்கிலேயருக்குப் பாலு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே தரப்படவில்லை. தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் கிரெய்க் அவருக்கு எட்டணா தந்தார் என்றொரு செய்தி வழங்குகிறது.

அந்தப் பயிற்சியில் உருவான இடக்கைச் சுழற்பந்துவீச்சு புனே இந்துக்களுக்குத் தேவைப்பட்டது. வெள்ளையரை வெல்ல வேண்டுமானால் பாலு வேண்டும். எனவே களத்தில் அவர் தொட்ட பந்தைப் பிறரும் தொட்டனர். அது தோலால் ஆன பந்து. பாலுவின் சமூகம் எந்தத் தோல் தொழிலின் பெயரால் விலக்கப்பட்டதோ, அதே தோல். தேநீர் இடைவேளையிலோ நிலைமை வேறு. மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவு தனித்தட்டில், தனி மேசையில். நம் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1890களின் பிற்பகுதியில் பம்பாய் சென்ற பாலு, இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது, அவ்வெற்றியில் அவர் பந்துவீச்சுக்குப் பெரும்பங்கு இருந்தது. 1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பெங்களூரைச் சேர்ந்த ஜெயராமும் அவ்வணியில் இருந்தார். 14 முதல்தரப் போட்டிகளில் இரண்டில் மட்டுமே, லெஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய கவுண்டிகளுக்கு எதிராக, அணி வென்றது. பாலுவோ எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வயது 35. தம் முதல்தர வாழ்வு முழுவதிலும் 33 போட்டிகளே ஆடக் கிடைத்த அவர் எடுத்தவை 179 விக்கெட்டுகள், சராசரி 15.21.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். பாலுவை அக்காலத்தவர் யார்க்‌ஷயரின் வில்ஃபிரட் ரோட்ஸுடன் ஒப்பிட்டனர். ரோட்ஸ் பிறந்தது 1877இல். அவரும் இடக்கைச் சுழற்பந்துவீச்சாளர். அவரும் எளிய குடும்பத்தினர். 1898இல் தொடங்கி 1930 வரை ஆடி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முதல்தர விக்கெட்டுகளை எடுத்தார். ஆயினும் அவர் யார்க்‌ஷயரின் நிரந்தர அணித்தலைவராக்கப்படவில்லை. அப்பதவி கனவான்களுக்கு உரியது. கனவான், ஆட்டக்காரர் என்ற பிரிவு இங்கிலாந்தில் 1962இல்தான் ஒழிந்தது.

ஆக, இருவருக்கும் மறுக்கப்பட்டது ஒன்றே: தலைமை. மறுப்பின் அடிப்படைதான் வேறு. ரோட்ஸைத் தடுத்தது அவர் பெற்ற ஊதியம். அது தொழில் சார்ந்த அடையாளம். பாலுவைத் தடுத்தது பிறப்பு. வெள்ளையர் மன்றத்தின் கூலி வேலையை விட்டு, இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளராக உயர்ந்த பின்னரும் அது அவரை விடவில்லை. ஆண்டுதோறும் அணித்தலைமை உயர்சாதியினருக்கே சென்றது. 1920இல் இதை எதிர்த்து அவருடைய தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். இறுதியில் 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது. அது தானாகத் திறக்கவில்லை, தட்டித் திறக்கப்பட்டது.

பாலுவின் அரசியல் வாழ்வு தமிழ் வாசகர்களுக்கு மேலும் நெருக்கமானது. 1932இல் கூட்டு வாக்காளர் தொகுதிகளை ஆதரித்து அவர் சென்னையின் எம். சி. ராஜாவுடன் நின்றார். அவ்வாண்டு செப்டம்பரில் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், ராஜா ஆகியோருடன் பாலுவும் ஒப்பமிட்டார். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. இளமையில் பாலுவைப் போற்றியவர் அம்பேத்கர். பாலு 11,225 வாக்குகள் பெற்று, 13,245 வாக்குகள் பெற்ற அம்பேத்கரிடம் தோற்றார். 1955 ஜூலை 4 அன்று மறைந்தார்.

களத்தில் கிடைத்த ஏற்பு சமூகத்திலும் மெல்லப் பரவும் என்று பாலு நம்பினார் எனக் கொள்ள அவருடைய அரசியல் இடமளிக்கிறது. அவருடைய கிரிக்கெட் வாழ்வே அந்நம்பிக்கையின் எல்லையையும் காட்டுகிறது. திறமைக்குத் தேவை இருந்த இடத்தில் தீண்டாமை தளர்ந்தது. அதிகாரத்தைப் பகிர வேண்டிய இடத்தில் இறுகியது. விளையாட்டு வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் ஸ்கோர் அட்டையோடு நின்றுவிட வேண்டாம். யார் அணித்தலைவர், யார் எங்கே அமர்ந்து உண்டார், யார் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பனவும் ஓட்டங்கள், விக்கெட்டுகளுக்கு இணையான தரவுகளே.