செராம்பூரைச் சுமந்த பள்ளிக்கூடம்

செராம்பூர் என்றதும் வில்லியம் கேரியின் மொழிபெயர்ப்புகள் நினைவுக்கு வரும். அச்சகம் நினைவுக்கு வரும். 1818-இல் தொடங்கிய கல்லூரியும், அதற்கு 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் வழங்கிய சாசனமும் நினைவுக்கு வரும். மதுரை அரசரடியில் இறையியல் படித்து வெளியே வருகிற போதகரின் பட்டம்கூட இன்றும் செராம்பூர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே ஒரு கட்டணப் பள்ளி இருந்தது. 1800 மே மாதம் ஜோஷுவா மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிற அந்தப் பள்ளி இல்லையென்றால் செராம்பூரின் மற்ற சாதனைகள் நின்றிருக்காது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

இந்தப் பாப்திஸ்து மிஷனரிகள் கல்கத்தாவுக்குப் பதிலாகச் செராம்பூரை ஏன் தேர்ந்தார்கள் என்பதில் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் கிழக்கிந்திய கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகளை விரும்பவில்லை. அனுமதி இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பவும் தயங்கவில்லை. 1799 அக்டோபரில் மார்ஷ்மனும் சக மிஷனரி வார்டும் ஓர் அமெரிக்கக் கப்பலில் வந்து, ஹூக்ளிக் கரையில் டேனியர் வசமிருந்த செராம்பூரில் இறங்கினார்கள். அங்கே ஆளுநராக இருந்த ஓலே பீ, டேனியரின் தரங்கம்பாடியில் மிஷனரி ஷ்வார்ட்ஸின் ஊழியத்தை நேரில் அறிந்தவர். கம்பெனியின் நெருக்கடிக்கு அவர் இணங்கவில்லை. வந்தவர்களுக்குப் புகலிடம் கொடுத்தார். தரங்கம்பாடியின் தொடர்பு வங்காளத்துப் பாப்திஸ்துப் பணிக்கு இப்படி அரணாக நின்றது. 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். கேரி செருப்புத் தைத்தவர், வார்டு அச்சுத் தொழிலாளி, மார்ஷ்மன் நெசவாளியாக இருந்து பிரிஸ்டலில் பள்ளி ஆசிரியர் ஆனவர். இங்கிலாந்திலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பங்கள் பிழைக்க முடியாது. யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பொது நிதியில் சேர்ப்பது, ஒரே பந்தியில் உண்பது, கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பொது நிதிக்கு வருமானம் தேடித்தான் பள்ளி திறக்கப்பட்டது.

கேரியின் சம்பளம்தானே பணியைத் தாங்கியது என்று இங்கே ஒரு மறுப்பு எழும். அதை ஒதுக்கிவிட முடியாது. 1801-இல் கல்கத்தாவில் கம்பெனி நடத்திய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 500 ரூபாய்க்குச் சேர்ந்த கேரி பின்னாளில் 1,000 ரூபாய் வாங்கினார். அச்சகமும் நன்றாகச் சம்பாதித்தது. ஆனால் கேரிக்கு வேலை கிடைப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே பள்ளி நடந்துகொண்டிருந்தது. அது திறந்த அடுத்த மாதமே வங்காளச் சிறுவர்களுக்கு ஓர் இலவசப் பள்ளியும் தொடங்கப்பட்டது. இங்கே வாங்கிய கட்டணம் அங்கே இலவசமாகப் போயிற்று. அதோடு, மற்ற இரண்டு வருமானங்களும் கம்பெனியின் மனநிலையைப் பொறுத்தவை. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, மத விஷயத்தில் தலையிட்டதே காரணம் என்று பேசப்பட்டது. அதன் அதிர்வு கல்கத்தாவரை போயிற்று: மிஷனரிகளின் பிரசங்கத்துக்குத் தடை வந்தது, அடுத்த ஆண்டு அச்சகத்தையே கல்கத்தாவுக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. டேனிய ஆளுநர் குறுக்கே நின்றதால் அது நிறைவேறவில்லை. கம்பெனி தொடாமலேயே 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்துக் கையெழுத்துப் பிரதிகளும் எழுத்துருக்களும் அழிந்தன. பள்ளியின் நிலை வேறு. கம்பெனி அதிகாரிகளின் பிள்ளைகளுக்கே அது தேவைப்பட்டது. ஆகவே அதன்மேல் கைவைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அந்தப் பாதுகாப்பு மற்ற இரண்டுக்கும் கிடைக்கவில்லை.

பணம் மட்டும் அல்ல, பாடம் நடத்துவதில் கிடைத்த அனுபவமும் அந்தப் பள்ளியிலிருந்துதான் வெளியே போனது. 1816-இல் மார்ஷ்மன் நாட்டுப் பள்ளிகளுக்கான ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார். கிராமத்தில் ஏற்கெனவே பாடம் சொல்லிக் கொண்டிருந்தவரையே ஆசிரியராக வைத்துக்கொள்வது, பாடங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வகுப்பில் தொங்கவிடுவது, ஒரு மாணவன் வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதுவது என்று போகிறது அது. இப்படி எழுதும் பிள்ளைக்கு எழுத்து, இலக்கணம், செய்தி மூன்றும் ஒரே நேரத்தில் படியும். சொல்லப்படும் வாக்கியம் சூரிய மண்டலத்தைப் பற்றியோ நாடுகளைப் பற்றியோ இருக்கும். மாணவனை வைத்து மாணவனுக்குப் பாடம் சொல்லும் இந்த வழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு வேர் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் படிக்கும் இந்நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, ‘மதராஸ் முறை’ என்று அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளிலேயே செராம்பூரைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மார்ஷ்மனின் திட்டத்தில் நடந்தன, அத்தனையும் தாய்மொழியில்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு இலத்தீனும் கிரேக்கமும், குடியானவன் பிள்ளைக்கு வங்காளம் மட்டும் என்றால், அது இரண்டு தரக் கல்வி இல்லையா? பாதி உண்மை. விடுதிப் பள்ளியின் வாசல் கிராமத்துப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. அதை மழுப்பக் கூடாது. ஆனால் தாய்மொழியைத் தேர்ந்ததற்கு மார்ஷ்மன் வைத்திருந்த காரணம் அலட்சியம் அல்ல. ஓரிரு ஆண்டுகளே பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளைக்கு அந்நிய மொழியில் அரைகுறை எழுத்துக்கூட்டல்தான் மிஞ்சும். அதே காலத்தில் தன் மொழியில் உலகத்தைப் பற்றிச் சிலவற்றையாவது உறுதியாகக் கற்கலாம். 1835-இல் மெக்காலேயின் குறிப்பை ஒட்டி அரசுப் பணம் ஆங்கிலக் கல்வியின் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு நாம் கண்டதை வைத்துப் பார்த்தால், மார்ஷ்மனின் கணக்கே சரி என்று நான் கருதுகிறேன். மதம் மாற்றத்தானே இவ்வளவும் என்பார்கள். அந்த நோக்கத்தை அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆயினும் கல்லூரி 1818-இல் 37 மாணவர்களுடன் தொடங்கியபோது அவர்களில் 14 பேர் இந்துக்கள். சமஸ்கிருதம் பாடமாக இருந்தது. சாதியோ நிறமோ நாடோ சேர்க்கைக்குத் தடையாகாது என்று 1833-இல் விதியாகவே எழுதி வைத்தார்கள்.

நாட்டுப் பள்ளிகள் நீடிக்கவில்லை. 1830-இல் பாமர் என்ற வணிக நிறுவனம் முறிந்ததைத் தொடர்ந்து கல்கத்தாவின் மற்ற வணிக நிறுவனங்களும் சரிந்தன, அவற்றில் போட்டிருந்த நிதியும் போயிற்று. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர்களும் கேட்கத் தொடங்கினார்கள். வார்டு 1823-லும், கேரி 1834-லும், ஜோஷுவா மார்ஷ்மன் 1837-லும் மறைந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கல்லூரியைக் காத்தவர் மார்ஷ்மன் தம்பதியின் மகன் ஜான் கிளார்க், செராம்பூர் மிஷன் வீட்டிலேயே வளர்ந்தவர். 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியோடு செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றபோது, கல்லூரியின் சாசன உரிமை தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. அதன் பேரில்தான் 1915-இல் அங்கே முதல் இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டன.

பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைப் பறிகொடுத்து, கேரியின் முதல் மனைவி மனநோயில் விழுந்த காலத்தில் அவருடைய மகன்களையும் கவனித்துக்கொண்டு, பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஹன்னா மார்ஷ்மன் 1847-இல் செராம்பூரிலேயே காலமானார். கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோரைச் ‘செராம்பூர் மூவர்’ என்று எழுதுவது வழக்கம். பொது நிதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நால்வர் என்று எழுதுவதே நியாயம்.