போக்சோ சட்டத்தின் வரலாறு

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (சுருக்கமாக, போக்சோ சட்டம்) என்பது 18 வயது நிறைவடையாத அனைவரையும் காக்க இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமாகும். இது 2012 நவம்பர் 14, குழந்தைகள் நாளன்று நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 10 வயதுக்கு உட்பட்ட சிறுமியுடன் உறவு கொள்வதை மட்டுமே, இசைவு இருப்பினும் வல்லுறவாகக் கருதியது. வங்காளத்தில் புல்மோனி தாசி என்னும் சிறுமி கணவனின் செயலால் இறந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால், கணவன்மீது வல்லுறவுக் குற்றம் சுமத்த இயலவில்லை. இதையொட்டி எழுந்த விவாதத்திற்குப் பின், 1891இல் இவ்வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் படிப்படியாக 16 ஆனது.

எனினும் சட்டத்தில் பெரும் இடைவெளி இருந்தது. வல்லுறவு, மானபங்கம் ஆகிய பிரிவுகள் பெண்களை மட்டுமே குறித்தன. சிறுவர்களுக்கு 377ஆம் பிரிவைத் தவிர வேறு பாதுகாப்பு அரிது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வை நடுவண் அரசு 2007இல் வெளியிட்டது. ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக அவர்களில் 53 விழுக்காட்டினர் கூறியிருந்தனர். தனிச் சட்டத்தின் தேவையை இது உணர்த்தியது.

முக்கியக் கூறுகள்

தண்டனையை வகுத்ததோடு, குழந்தை சாட்சி சொல்லும் முறையையும் இச்சட்டம் மாற்றியது.

• குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் கூடாது.
• வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாக வினவ இயலாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும்.
• சாட்சியம் அளிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதவாறு சிறப்பு நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது.

பின்னைய மாற்றங்கள்

2019ஆம் ஆண்டுத் திருத்தம், 16 வயதுக்கு உட்பட்டோர் மீதான வல்லுறவுக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறை விதித்தது; கடுமையான வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனையையும் சேர்த்தது. குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் படங்களைத் தனிமையில் பார்ப்பது குற்றமாகாது என்ற சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அவற்றை 'ஆபாசப் படம்' என்று அழைப்பது குற்றத்தின் கொடுமையை மறைக்கிறது என்றும், அவை குழந்தை சுரண்டப்பட்டதன் பதிவுகள் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.