2015 சென்னை வெள்ளத்தில் சமூக வலைத்தளங்கள்

2015 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது, பேஸ்புக், டுவிட்டர் ஆகிய சமூக வலைத்தளங்களும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளும் மீட்பு, நிவாரணப் பணிகளுக்கான தகவல் வழிகளாகப் பயன்பட்டன. வெள்ளத்தில் சிக்கியோர், படகு வைத்திருந்தோர், உணவு சமைத்து வழங்கியோர், தொலைவிலிருந்து தகவல்களைத் தொகுத்தோர் ஆகியோரை, அவர்கள் ஒருவரையொருவர் அறியாத நிலையிலும், இவை இணைத்தன. சரிபார்க்கப்படாத செய்திகளும் வதந்திகளும் இதே வழியில் பரவின. சமூக வலைத்தளங்கள் மக்களை இணைக்கும் முறையின் ஆற்றலையும் அதன் எல்லைகளையும் ஒருங்கே அறிய உதவும் நிகழ்வு இதுவாகும்.

சமூக வலைத்தளம்

பயனர் தமக்கென ஒரு பக்கத்தை அமைத்து, பிற பயனர்களுடன் தொடர்பு ஏற்படுத்தி, எழுத்து, படம், நிகழ்படம் முதலியவற்றைப் பகிர்ந்துகொள்ள உதவும் இணையச் சேவை சமூக வலைத்தளம் எனப்படும். இவற்றுள் பேஸ்புக் 2004 இலும் டுவிட்டர் 2006 இலும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் பெரிதும் விரும்பப்பட்ட ஆர்குட் 2004 முதல் 2014 வரை இயங்கியது. வாட்ஸ்அப் 2009 இல் தொடங்கப்பட்டது. டுவிட்டர் 2023 ஆம் ஆண்டில் எக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வெள்ளமும் தொடர்புத் துண்டிப்பும்

2015 நவம்பர் மாதத்தில் பெய்த கனமழையால் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் முன்னரே நிரம்பியிருந்தன. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. இந்நீரும் பிற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு ஆற்றில் பெருக்கெடுத்து, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. இவ்வாறு பட்டினப்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கழிமுகத்திற்கு வடக்கே இராஜா அண்ணாமலைபுரமும், அதனையடுத்து மந்தைவெளியும் மயிலாப்பூரும் அமைந்துள்ளன.

நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. பணியாளர்கள் அச்சகத்தை அடைய இயலாமையால், 1878 இல் தொடங்கப்பட்ட தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. இந்நிலையில், இணைய இணைப்பு எஞ்சியிருந்த கைபேசிகளே பலருக்கும் வெளியுலகத் தொடர்பாயின.

தகவல் சென்ற முறை

டுவிட்டரில் ‘சென்னைரெயின்ஸ்’, ‘சென்னைரெயின்ஸ்ஹெல்ப்’ போன்ற ஹேஷ்டேக்குகள் பயன்படுத்தப்பட்டன. ஹேஷ்டேக் என்பது ஒரே பொருள் குறித்த பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் குறிச்சொல் ஆகும். இதனால், உதவி கேட்டவரின் நண்பர் வட்டத்தில் இல்லாதவரும் அவரது வேண்டுகோளைக் காண முடிந்தது. நடிகர் சித்தார்த், வானொலி அறிவிப்பாளர் ஆர். ஜே. பாலாஜி போன்றோர் தம்மைப் பின்தொடர்வோர் வழியாக நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்தனர்.

பேஸ்புக் நிறுவனம், 2014 இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்பு அறிவிப்பு வசதியைச் சென்னைக்கும் அளித்தது. தாம் நலமாக இருப்பதை ஒரே அழுத்தத்தில் உறவினர், நண்பர் அனைவருக்கும் தெரிவிக்க இவ்வசதி உதவியது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் முதியோர் சென்னையிலும் வாழும் குடும்பங்களுக்கு இத்தகைய வசதியின் தேவை மிகுதி.

தன்னார்வலர்கள் உதவி கோரிக்கைகள், தங்குமிடங்கள், உணவு கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றைப் பலரும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய இணைய அட்டவணைகளில் தொகுத்தனர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நிலப்படத்தை அடிப்படையாகக் கொண்டு, நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் வெள்ள நிலப்படம் ஒன்றும் உருவாக்கப்பட்டது.

தொலைவிலிருந்தோர் பங்கு

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நெருங்கிய நண்பர்களைவிட அரிதாகப் பழகும் அறிமுகத்தாரே புதிய தகவல்களைக் கொண்டுவருவதில் முதன்மையானவர் என விளக்கினார். நெருங்கியோர் பெரும்பாலும் ஒரே செய்தியையே அறிந்திருப்பர். அறிமுகத்தார் வேறொரு வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதே இதன் காரணம். வெள்ளத்தின்போது இது தெளிவாக வெளிப்பட்டது. எடுத்துக்காட்டாக, கோட்டூர்புரத்தில் மாடியில் சிக்கிய ஒருவரின் உறவினரும் அண்டைவீட்டாரும் அவரைப் போலவே நீரால் சூழப்பட்டிருக்கக்கூடும். மின்சாரமும் இணையமும் உள்ள வேறொரு நகரின் அறிமுகத்தார், அவ்வேண்டுகோளைப் படகு உள்ள குழுவினருக்குத் தெரிவிக்க இயலும்.

எனினும், மக்களை நீரிலிருந்து மீட்டவர்கள் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், இராணுவத்தினரும், தீயணைப்பு வீரர்களும், படகுகளுடன் வந்த மீனவர்களும், அப்பகுதி இளைஞர்களுமே. வலைத்தளங்கள் அவர்கள் எங்குச் செல்ல வேண்டும் என்பதை அறிவித்தன.

குறைபாடுகள்

பழைய செய்திகள்: மீட்கப்பட்டுவிட்டவர் குறித்த வேண்டுகோள், நாள், நேரம் இன்றித் தொடர்ந்து பகிரப்படுவதுண்டு. அதனை நம்பிச் செல்லும் படகு, உண்மையில் காத்திருக்கும் வேறொருவருக்குக் கிடைக்காமற் போகும். எனவே தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் தொலைபேசியில் அழைத்து, உதவி கிடைத்ததா எனக் கேட்டுக் குறிக்க வேண்டியிருந்தது.

முழுமையற்ற முகவரி: காந்தி நகர் என்னும் பெயர் அடையாற்றிலும் உண்டு, புறநகர்ப் பகுதிகள் பலவற்றிலும் உண்டு. மந்தைவெளி என்று மட்டும் குறித்தால், குறுக்குத் தெருக்கள் மிகுந்த அப்பகுதியில் வீட்டைக் கண்டறிவது கடினம். தெருவின் பெயர், கதவு எண், அருகிலுள்ள அடையாளம், சிக்கியோர் எண்ணிக்கை, செய்தி அனுப்பிய நேரம் ஆகியன உதவி கோரும் செய்திக்கு இன்றியமையாதன.

வதந்திகள்: சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யும் என நாசா அறிவித்ததாகவும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பியதாகவும் செய்திகள் பரவின. இவை இரண்டும் பொய்யென மறுக்கப்பட்டன. அறிந்தவரிடமிருந்து வரும் செய்தியை ஆராயாமல் நம்பும் இயல்பே வதந்தி விரைந்து பரவக் காரணமாகும்.

எட்டாதோர்: திறன்பேசியோ, இணைய இணைப்போ, மின்னேற்றமோ இல்லாதவரின் வேண்டுகோள் வலைத்தளத்தில் இடம்பெறாது. ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். ஆயினும் அவர்களுள் பலருக்கு இவ்வசதிகள் இல்லை. பதிவுகள் மிகுந்த இடமே பாதிப்பு மிகுந்த இடம் என்று கொள்வது இதனால் தவறாகும்.

பிந்தைய நிகழ்வுகள்

2018 கேரள வெள்ளத்தின்போது, மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் தன்னார்வலர்களும் இணைந்து கேரளாரெஸ்க்யூ என்னும் இணையத்தளத்தை இயக்கினர். சிதறிய வேண்டுகோள்களை அரசுடன் இணைந்த ஒரே இடத்தில் திரட்டியது இதன் சிறப்பாகும். அதே ஆண்டில், இந்தியாவில் வதந்திகளால் நிகழ்ந்த கும்பல் கொலைகளைத் தொடர்ந்து, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பு விதித்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. காரப்பாக்கத்தில் சிக்கிய நடிகர் விஷ்ணு விஷால் தம் நிலையை எக்ஸ் தளத்தில் பதிவிட்ட பின்னர், தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் அவரையும் அப்பகுதியில் இருந்த பிறரையும் மீட்டனர். பின்தொடர்வோர் பலரைக் கொண்டவரின் பதிவு விரைவில் கவனம் பெறும். அவ்வாறு எவரும் இல்லாதவரின் வேண்டுகோளும் அதே விரைவில் மீட்புக் குழுவினரை அடையச் செய்வதற்கு, உதவித் தொலைபேசி எண்களும் தெருதோறும் நேரில் சென்று கேட்டறியும் பணியாளர்களும் இன்றும் தேவைப்படுகின்றனர்.