ஒரு மரப்பட்டையின் கதை

எங்க சித்திக்கு சினைப்பை புற்றுநோய். கீமோ ஏத்தினப்போ பக்கத்துல உக்காந்து பாட்டில் மேல இருந்த பேரைப் படிச்சேன். பாக்லிடாக்சல். வீட்டுக்கு வந்து அதோட பூர்வீகத்தைத் தோண்டினா, அது ஒரு மரம்!

1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரப்பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வாலும், நம்ம மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து மருந்தைப் பிரித்து, 1971-ல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். அப்புறம்? கிணத்துல போட்ட கல்லு. தண்ணில கரையாத சரக்கு, யாரு சீந்துவா? 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் விஷயத்தைப் பிடிச்சாங்க. செல்லுக்குள்ள இருக்கும் நுண்குழல்களை மத்த மருந்துகள் கட்ட விடாது. இது கலைய விடாது. செல் பிரிய முடியாம செத்துப்போகும்.

1989-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு. வேற மருந்து கேக்காத 40 பெண்கள்ல 12 பேருக்குக் கட்டி சுருங்கிச்சு. உடனே எல்லாருக்கும் வேணும். ஆனா பட்டையை உரிச்சா மரம் செத்துடும், வளர்றதோ ஆமை வேகம். பெண்ணா, மரமான்னு பெரிய சண்டை. வேற யூ மரங்களோட இலையிலிருந்து தயாரிக்க வழி கிடைச்சதும்தான் ஓய்ஞ்சது.

1996-ல் இன்னொரு முடிவு. சிஸ்பிளாட்டினோட பழைய மருந்து வாங்கினவங்கள்ல பாதிப்பேர் 24 மாசம் தாண்டினாங்க. இதை வாங்கினவங்கள்ல பாதிப்பேர் 38 மாசம். வித்தியாசம் பதினாலு மாசம்தானேன்னு தோணுதா?

எங்க சித்தி அந்த மாதிரி ஒரு மாசத்துலதான் பேத்தி காதுகுத்துக்கு முன்வரிசையில உக்காந்திருந்தாங்க.