மாஸ்க்கின் ஓரம்

கேலாங் சாலையில் இரவில் ஒரு முகத்தைப் படம்பிடித்துப் பாருங்கள். டுரியான் கடையின் வெள்ளை பல்பு ஒரு கன்னத்தில், எதிர்வரிசை விளம்பரப் பலகையின் சிவப்பு இன்னொரு கன்னத்தில், காப்பிக்கடை டியூப்லைட்டின் பச்சைச் சாயல் நெற்றியில். அந்த முகம் கறுப்பாகவும் இருந்துவிட்டால், எடிட்டிங் மேசைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, முகத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து வெளிச்சத்தைத் தூக்கிவிடுவது. விளைவு, தலையைச் சுற்றி சாமி படத்து ஒளிவட்டம். ஆள் திரும்பினால் வட்டம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும்.

இந்த ஓரத் தொல்லை கணினியோடு வந்ததில்லை. 1940ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் ‘உத்தம புத்திரன்’ எடுத்தார். பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கேமராவுக்குப் பின்னால் போடோ குட்ஷ்வாகர் என்ற ஜெர்மானியர். இரும்பு முகமூடி மனிதனின் கதையைத் தழுவிய படம் அது. அந்த மாதிரிப் படங்களில் ஒரே நடிகரை இரண்டாகக் காட்டக் கையாண்ட வழிக்கும் ‘மாஸ்க்’ என்றுதான் பெயர்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டை பாதிப் படத்தை மறைக்கும். மீதிப் பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, அதே பிலிமில் இன்னொரு வேடத்தை எடுப்பார்கள். கேமரா இம்மியும் அசையக்கூடாது. விளக்கின் வெளிச்சம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் நடுவில் இரண்டு நிறமாகிவிடும். அட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபோகஸ் இல்லாமல் ஓரம் மென்மையாகக் கரையும், தள்ளி வைத்தால் கத்திபோல் வெட்டும். அதனால் ஓரத்தை ஒரு தூணிலோ கதவு நிலையிலோ ஒளித்து வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம் மாஸ்க்கில் இல்லை, அதை எங்கே முடிக்கிறோம் என்பதில் இருந்தது. இன்றைய மென்பொருளிலும் பாதி சூட்சுமம் இதுதான்.

ஸ்டூடியோ வித்தை கடல் தாண்டி இங்கேயும் வந்தது. 1941ல் ஜெமினிக்காக ‘மதனகாமராஜன்’ இயக்கிய பி.என். ராவ் பின்னாளில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்கள் எடுத்தார். கேத்தே-கெரிஸுக்காக 1957ல் அவர் எடுத்த ‘போந்தியானாக்’ பெரும் வெற்றி. அந்தப் பேய் எந்த ஓரங்களுக்குள் ஒளிந்து வந்தது என்று இனி நாம் பார்க்க முடியாது. படத்தின் பிரதியே இல்லை.

பிறகு மாஸ்க் லென்ஸிலிருந்து இறங்கி நிறம் திருத்தும் மேசைக்குப் போனது. டா வின்சி கருவிகளில் ‘பவர் விண்டோ’ வந்தபோது, படத்தின் ஒரு வட்டத்துக்குள் மட்டும் நிறத்தை மாற்ற முடிந்தது. 2000ல் வந்த கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்தில் ராஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடைப் பச்சையை வறண்ட மஞ்சளாக்கினார். அங்கே மாறியது இலைகள். இங்கே நாம் முதலில் கை வைத்தது தோலில்.

2007ல் ஷங்கரின் ‘சிவாஜி’. கதைப்படி நாயகனுக்கு வெள்ளையாகிவிட ஆசை. ‘ஸ்டைல்’ பாடலில் ரஜினி வெள்ளைக்காரர் நிறத்தில் வருவார். அது மேக்கப் இல்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருவரை அதேபோன்ற வெளிச்சத்தில் படம்பிடித்து, ரஜினியின் முகம், கை, கழுத்து என்று ஒவ்வொரு பிரேமிலும் தனித்தனியாக மாஸ்க் வெட்டி, அந்தப் பெண்ணின் தோல் நிறத்தை மட்டும் எடுத்து ஏற்றினார்கள். தோலின் சுருக்கமும் நிழலும் ரஜினியுடையவை. சென்னையின் ‘இந்தியன் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனத்தில் 25 பேர் ஏறத்தாழ ஓராண்டு உட்கார்ந்து செய்த வேலை. தேசிய விருதும் கிடைத்தது. நியாயமான விருதுதான். முடி நெற்றியைத் தொடும் இடம், கை வேகமாக வீசும்போது மங்கும் விரல் நுனி, காலர் கழுத்தில் உரசும் கோடு, எல்லாம் அவ்வளவு சுத்தம். எனக்கு உறுத்துவது அந்தச் சுத்தம்தான். ஓரம் பிசிறியிருந்தால் ‘எதுக்குய்யா இது?’ என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்கள். பிசிறவில்லை, கைதட்டிவிட்டு வந்துவிட்டோம்.

அந்தக் கலைஞர்களிடமிருந்து திருட வேண்டிய பாடம் வேறு. அவர்கள் உடம்பைச் சுற்றி ஒரே கோடு போடவில்லை. ஒரு முகத்தின் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே கூர்மை கொண்டதில்லை. தாடை கூர்மையாக இருக்கும்போது காதுக்குப் பின்னால் ஃபோகஸ் போயிருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு ஃபெதர் கொடுத்தால் ஒன்று வெட்டும், இன்னொன்று கசியும். துண்டு துண்டாக மாஸ்க் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மென்மை கொடுப்பதுதான் வழி. ஃபெதர் முகத்துக்குள் கரையட்டும், வெளியே கசிந்தால் ஒளிவட்டம்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்து மாஸ்க் எடுப்பவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். மொபைலிலும் மலிவான கேமராக்களிலும் பதிவாகும் வீடியோவில் பொதுவாக நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான் இருக்கும். ஓரம் படிக்கட்டு மாதிரி உடையாமல் என்ன செய்யும்? கேலாங் இரவில் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்துகொள்ளும். முதலில் இரைச்சலைக் குறைத்து, நிறத் தேர்வை ஒரு வரைந்த வட்டத்துக்குள் அடைத்து, மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையில் போட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தோடு பார்த்தால் கண் மன்னித்துவிடும், கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு பிசிறும் புழுவாய் நெளிவது தெரியும்.

டா வின்சியை 2009ல் பிளாக்மேஜிக் வாங்கியது. 2020ல் வந்த ரிசால்வ் 17ல் ‘மேஜிக் மாஸ்க்’ இருந்தது, ஆளைத் தானே கண்டுபிடித்துக் கத்தரிக்கும். நல்ல வெளிச்சத்தில் பிரமாதம். கறுத்த முடியும் கறுத்த கன்னமும் இருட்டுச் சந்தோடு சேரும் இடத்தில் எந்த மாஸ்க்கும் தடுமாறும், அங்கே பிரித்தறிய வேறுபாடே குறைவு. கடைசியில் கைதான் இறங்க வேண்டும்.

இறங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். லோரோங் முனையில் வேலை முடிந்து நிற்கும் ஒரு தொழிலாளியின் முகத்தை எவ்வளவு தூக்குவது? கண் தெரியும் அளவுக்கு, அரை ஸ்டாப். பெரும்பாலும் அது போதும். அவ்வளவு குறைவாகத் தூக்கும்போது பாதி ஓரங்கள் தாமாகவே காணாமல் போகின்றன. காது மடலில் விழுந்த சிவப்பை அப்படியே விட்டுவிடுங்கள். அதை எடுக்கத்தான் மூன்றாவது மாஸ்க் தேவைப்படும்.